ஆயிரம் பூக்களும் அரிக்கமேட்டு மணியும்



சென்ற பொங்கல் சந்தையில் கிளப் ஹவுஸ் வாசலில் நான் போட்டிருந்த பாலிமர் க்ளே நகைக் கடையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் வாங்கவும் செய்தீர்கள், நன்றி. அன்று மாலை விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெரியம்மா, ஒரு ஜோடி ஜிமிக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, எதைப் பார்த்துச் செஞ்சே?" என்று கேட்டார். உண்மையில் அது போனில் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே செய்தது. நானோ, "சும்மா மனசுல தோணிச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். ஜிமிக்கி விற்றுப்போனது. சொன்ன பொய் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த சந்தையில் சொந்த டிசைன்களை மட்டுமே விற்க அனுமதிக்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருப்பதும், அதைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதமும் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரி பிரச்சினைக்குக் கூட இவ்வளவு மெசேஜ் வந்ததில்லை. அதில் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் 'சொந்த டிசைன்' என்றால் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் கையில் பிசையும் இந்தப் பொருளும் இந்த வித்தையும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கொஞ்சத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பொருள். பாலிமர் க்ளே என்பது பெயரில்தான் களிமண். நம் வீட்டுக் குழாய்களில் இருக்கும் அதே பி.வி.சி.யோடு, அதை இளக்கிப் பிசைய வைக்கும் பொருளும் நிறமும் சேர்ந்தது. 110 முதல் 130 டிகிரி வரை அவனில் சுட்டால் இறுகிவிடும். இதன் பிறப்புக் கதை ஒரு பொம்மைக்காரர் வீட்டில் தொடங்குகிறது. ஜெர்மனியில் கேத்தே குரூஸே என்ற அம்மையார் பெயர் பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர். இரண்டாம் உலகப் போரை ஒட்டி மூலப்பொருள் கிடைக்காத காலத்தில், பொம்மைத் தலை செய்யலாம் என்று அவரிடம் இந்தப் பிளாஸ்டிக் பிசைபொருளைக் கொடுத்தார்கள். அவருக்கு அது சரிப்படவில்லை. அவர் மகள் சோஃபி, வீட்டில் கூப்பிடும் பெயர் ஃபிஃபி, அதை எடுத்துக்கொண்டு சிறு சிறு சிற்பங்களும் மொசைக்கும் செய்து பார்த்தார். பின்னர் அதைத் தன் பெயரிலேயே விற்றார். 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அந்தத் தயாரிப்பை வாங்கி 'ஃபிமோ' என்று பெயர் வைத்தது. இன்று நாம் ஆன்லைனில் வாங்கும் ஃபிமோவின் முதல் எழுத்தில் அந்த ஃபிஃபி இருக்கிறார்.

பொருள் புதியதுதான். வித்தை அப்படியில்லை.

என் கடையில் பூப்போட்ட மணிகள் இருந்தனவே, அவற்றை ஒவ்வொன்றாக வரைவதில்லை. வேறு வேறு நிறக் களியை உருட்டி, அடுக்கி, ஒரு கரும்புத் துண்டு மாதிரி தடித்த உருளையாக்குவோம். இதற்கு 'கேன்' என்று பெயர் (தண்ணீர் கேன் அல்ல). அந்த உருளையை நாலா பக்கமும் அழுத்தி நீளமாக இழுத்தால், உள்ளே இருக்கும் பூ அப்படியே சுருங்கிக்கொண்டே போகும். பிறகு பிளேடால் வெண்டைக்காய் நறுக்குவதுபோல் நறுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ. முதல் முறை நறுக்கிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

இந்த முறைக்கு 'மில்லெஃபியோரி' என்று இத்தாலியப் பெயர். ஆயிரம் பூக்கள் என்று பொருள். வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்கள் செய்தது. தீ விபத்துக்குப் பயந்து 1291இல் நகர ஆட்சி அவர்களுடைய உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அங்கே பல நிறக் கண்ணாடிக் கம்பிகளை ஒன்றாக உருக்கி, இழுத்து, நறுக்கி மணி செய்தார்கள். ஆனால் அவர்களும் முதல் ஆட்கள் இல்லை. ரோமானியர் காலத்திலேயே மொசைக் கண்ணாடிக் கிண்ணங்கள் இதே முறையில் செய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் முரானோ கைவினைஞர்கள் அந்தப் பழைய ரோமானிய வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் மில்லெஃபியோரிக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். ஆக, நான் போனில் பார்த்துக் காப்பியடித்த படத்துக்குப் பின்னாலேயே ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. கண்ணாடியை இழுத்து நறுக்கி மணி செய்வதில் உலகத்துக்கே பெயர் போன இடம் என் சொந்த ஊரிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் இருப்பதை, வெனிஸ் வரை போய்த் திரும்பிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

என் ஊர் செஞ்சி வட்டத்து அனந்தபுரம். அங்கிருந்து பள்ளிக்கூடத்தில் ஒருமுறை புதுச்சேரிக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். கடற்கரையைக் காட்டிவிட்டு, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டுக்கும் கூட்டிப் போனார்கள். தென்னந்தோப்பும் பழைய செங்கல் சுவரும்தான் நினைவில் இருக்கிறது. அந்த இடத்தின் கதையோ பெரியது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில், 1769இல் அந்த நாளில் மேகம் மறைத்ததால் ஒன்றையும் பார்க்க முடியாமல் போனார். அதற்கு முந்தைய 1761ஆம் ஆண்டுக் கடப்பின்போது அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார், பாவம். ஆனால் வீராம்பட்டினம் பக்கத்தில் பழைய இடிபாடுகள் இருப்பதைக் குறித்து வைத்துவிட்டுப் போனார்.

1937இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் அங்கே சுற்றிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் மணிகளை விலைக்கு வாங்கினார், தரையில் கிடந்தவற்றையும் சேர்த்தார். அவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் முடிவு செய்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலி நாட்டுப் பளபளப்பான பாண்டங்களும் மது கொண்டுவந்த சாடிகளும் கிடைத்தன. பிறகு 1947 முதல் 1950 வரை காஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் அகழ்ந்தார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்பது பலர் கருத்து.

நமக்கு வேண்டியது மணி. இங்கே சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல் என்று கல்மணிகளும் பட்டை தீட்டப்பட்டன. அதைவிட முக்கியமானது சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். கடுகிலிருந்து மிளகு அளவுதான் இருக்கும். செங்கல் நிறச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். ஏனென்றால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து தாய்லாந்து, வியட்நாம், கொரியா வரை இந்த வகை மணிகள் கிடைக்கின்றன. அரிக்கமேட்டில் வளர்ந்த இந்தத் தொழில்தான் இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ போன்ற துறைமுகங்களுக்குப் பரவியது என்பது அவர் வாதம்.

எப்படிச் செய்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள நாம் ஆந்திராவில் காளஹஸ்தி பக்கம் உள்ள பாப்பாநாயுடுபேட்டைக்குப் போக வேண்டும். அங்கே இந்த முறை நம் காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகச் சேர்க்கிறார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு அந்தக் கூம்பின் நடுவே துளை போடுகிறார்கள். பிறகு உலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அதன் நுனியைப் பிடித்துக் கையாலேயே இழுக்க, நடுவில் துளையோடு மெல்லிய கண்ணாடிக் குழல் மீட்டர் கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது. ஆறியதும் நறுக்கு. நறுக்கிய துண்டுகளைத் துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி மறுபடி சூடாக்கினால் கூர்முனைகள் மழுங்கி உருண்டையாகும். துளையை முதலிலேயே வைத்துவிட்டு அதையும் சேர்த்து இழுப்பது எவ்வளவு பெரிய யோசனை! நான் இன்னும் ஒவ்வொரு மணிக்கும் பல்குச்சியால் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் இன்னொரு பாவமன்னிப்பு. அந்தப் பள்ளிச் சுற்றுலாவில், ஆற்றோர மண்ணில் ஒரு சிவப்பு மணி கண்ணில் பட்டது. எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். நான் மட்டும் இல்லை, மழை பெய்த மறுநாள் அங்கே மணி பொறுக்குவது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம் என்று பிறகு தெரிந்தது. என் மணி இரண்டு வருடத்தில் எங்கோ தொலைந்துபோனது. எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் இல்லாவிட்டால் ஒரு மணியால் ஆய்வாளருக்கு ஒன்றும் சொல்ல முடியாது. என் பெட்டிக்குள் வந்த நிமிடமே அது ஊமையாகிவிட்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் இதைச் சொல்லிக்கொடுங்கள். 'ஒரிஜினல் அரிக்கமேடு பாசி' என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். பார்க்க ஆசையாக இருந்தால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறைய இருக்கின்றன.

சரி, டிசைனுக்கு வருவோம். இந்தப் படிப்பெல்லாம் முடிந்து ஊருக்குப் போனபோது, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டேன். போட்டோ எடுப்பதில்லை என்று முடிவு. போட்டோ எடுத்தால் மறுபடி அப்படியே காப்பியடிப்பேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில் செஞ்சிக் கோட்டை. 2025இல் மராத்தியர் ராணுவ நிலக்காட்சிகள் என்ற வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். ஊரே பெருமையில் இருக்கிறது. நானும் ஆர்வத்தில் ராஜகிரியையும் கல்யாண மகாலையும் ஒரு பதக்கத்தில் வடித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் விற்கும் சாவிக் கொத்து மாதிரி இருந்தது. கல்யாண மகாலின் அடுக்கு மேல் அடுக்காகக் குறுகும் கூரையை மட்டும் எடுத்து, கட்டடம் என்பதை மறந்துவிட்டு, ஒரு தொங்கட்டானாக மாற்றியபோதுதான் ஏதோ சரியாக வந்தது.

அடுத்து தளவானூர். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை. வாசல் மேலே இரண்டு மகரங்களின் வாயிலிருந்து கிளம்பும் தோரணம் செதுக்கியிருக்கிறது. அந்த வளைவை ஒரு நெக்லஸின் நடுப்பகுதியாக நினைத்துப் பாருங்கள், வேறு எதுவும் தேவையில்லை. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அங்கே நோட்டைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

எனக்கு அதிகம் கொடுத்தது பனமலைதான். ராஜசிம்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலில், ஒரு சிறிய சன்னதிச் சுவரில் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. மேலே குடை, தலையில் மகுடம், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவன் ஆடுவதைப் பார்க்கும் நிலை. பெரும்பகுதி அழிந்துவிட்டது. அழிந்த இடங்களில் நகை எப்படி இருந்திருக்கும் என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வளைவு தெரியும், அதன் முடிவு தெரியாது. அந்த முடிவை நோட்டில் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன். நான்கில் எதுவும் பல்லவருடையது இல்லை, எல்லாம் என்னுடையது. ஆனால் தொடக்கம் அந்தச் சுவரில் இருக்கிறது. அடுத்த சந்தையில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்: 'சொந்த டிசைன் மட்டும்' என்று விதி போட வேண்டாம். அதைச் சோதிக்க யாராலும் முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கடையிலும் 'எதைப் பார்த்துச் செய்தது' என்று ஒரு சிறு அட்டை வைக்கச் சொல்லலாம். வெளிநாட்டுப் படம் என்றால் அதையே எழுதட்டும், தப்பில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சமையலுக்குப் பயன்படுத்தும் அவனில் இதைச் சுடாதீர்கள், பழைய ஓ.டி.ஜி. இருந்தால் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சூடு ஏறிக் கருகினால் வருவது நல்ல புகை இல்லை. கிளப் ஹவுஸ் மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம்!

இப்போது நான் செய்துகொண்டிருப்பது ஒரு சரம், எல்லாம் மிளகளவு மணிகள், அந்தத் தொலைந்துபோன சிவப்பில். அரிக்கமேட்டுக்காரர்கள் அந்த நிறத்தைச் செம்பிலிருந்து எடுத்தார்கள். நான் சிவப்பில் பழுப்பும் துளி கறுப்பும் கலந்து பார்க்கிறேன். ஏழு முறை கலந்தாயிற்று. பச்சையாக இருக்கும்போது சரியாகத் தெரிகிறது, அவனிலிருந்து வெளியே எடுத்தால் ஒரு மாற்று கூடிவிடுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எட்டாவது முறை.