பிரசங்க பீடமும் பெருந்தெருவும்

1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களுள் ஒன்றாகிய அலபாமாவிலே, செல்மா என்னுஞ் சிறு நகரிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாநிலத் தலைநகராகிய மொன்ட்கொமரியை நோக்கி நடக்கத் தொடங்கினர். செல்லவேண்டிய தூரம் 54 மைல். முன்வரிசையில் மார்ட்டின் லூதர் கிங் என்னும் பப்ரிஸ்ற் போதகர் நடந்தார். அதே வரிசையில், நரைத்த தாடியோடு ஆபிரகாம் ஹெஷெல் என்னும் யூத சமய அறிஞரும் நடந்தார். இரண்டு வாரங்களுக்கு முன், மார்ச் 7ஆம் நாள், அதே நகரின் பாலத்தருகே ஏறக்குறைய 600 பேர் தடியடியாலுங் கண்ணீர்ப் புகையாலும் பொலிசாரால் துரத்தப்பட்டிருந்தனர். அச்செய்தி கேட்டு ஓடிவந்த சமயத் தொண்டர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளையினப் போதகர், வீதியில் தாக்குண்டு 11ஆம் நாள் உயிர்நீத்தார். நடந்தவர்கள் கேட்டது வேறொன்றுமன்று. வாக்காளர் இடாப்பிற் கறுப்பின மக்களின் பெயரும் பதியப்படவேண்டும் என்பதே.

அன்று மாலை, அங்கிருந்து நெடுந்தொலைவில், வேர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் நகரிலே, 31 வயதினரான ஜெரி போல்வெல் என்னும் போதகர் தம்முடைய தேவாலயத்திற் பிரசங்க பீடம் ஏறினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் போதகர்களும் ஊர்வலங்களும் என்பது. கிங் முதலானோரின் உள்நோக்கத்தில் அவர் ஐயங் கொண்டார். போதகரின் கடமை ஆன்மாக்களை ஆண்டவரிடம் சேர்ப்பதேயன்றி அரசியல் நடத்துவதன்று என்றார். பொதுவுடைமையை எதிர்ப்பதாயினும் சரி, குடியியல் உரிமைக்குப் போராடுவதாயினும் சரி, நற்செய்தி கூறுவதை விடுத்து வேறெதிலும் இறங்கத் தம் மனம் இடந்தராது என்றார். அப்பேச்சு சிறுநூலாகவும் அச்சாயிற்று.

நேயர்களே, அவ்வீதிக்கும் அப்பீடத்துக்கும் இடையே எழுந்த வழக்கே இன்றைய பேச்சின் பொருள். அமெரிக்காவிலே தாராண்மைவாதிகள் எனப்படுவோர், அரசின் வல்லமையைக் கொண்டு சமூக அநீதியைக் களையலாம் என நம்பியவர்கள். பழைமை பேணுவோர் அதனை ஐயுற்றனர். அவர்களுடைய கண்டனம் முழுவதும் நிறவெறி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாய் அமையவில்லை. அக்கண்டனத்திலே நேர்மையான சட்டக் கவலையும் இருந்தது; அச்சமும் இருந்தது; நிறவெறி பூண்ட வேடமும் இருந்தது. ஒரே மனிதரின் வாயில் இம்மூன்றுங் கலந்து வந்ததும் உண்டு.

கண்டனத்தின் மிக மென்மையான வடிவத்தை முதலில் நோக்குவோம். 1963 ஏப்ரிலில் அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரிற் கிங் அறப்போர் நடத்திக்கொண்டிருந்தார். இந்நகரம் அப்போதுதான், ஏப்ரில் 2ஆம் நாள், கொடுமைக்குப் பேர்போன பொலிஸ் ஆணையாளர் புல் கொனரைத் தோற்கடித்து, அல்பேட் பௌட்வெல் என்பவரை நகர முதல்வராகத் தெரிந்திருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையாகிய 12ஆம் நாள் கிங் சிறைப்பட்டார். அன்றே அம்மாநிலத்து வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர், ஆயர்களும் போதகர்களும் ஒரு யூத குருவுமாக, பகிரங்க அறிக்கையொன்றை வெளியிட்டனர். ஆர்ப்பாட்டங்கள் காலத்துக்கு ஒவ்வாதவை. வெளியூரார் வந்து வழிநடத்துவது நன்றன்று. குறையிருப்பின் நீதிமன்றத்திலே தீர்க்கவேண்டும், தெருவிலன்று. இதுவே அவ்வறிக்கையின் சாரம்.

இவர்கள் கொடியவர்களா? அல்லர். அவ்வாண்டு சனவரியிலேதான், இனவொதுக்கலை நீக்கும் தீர்ப்புகளை வெள்ளையர் மதித்து நடக்கவேண்டும் என இவர்கள் வேண்டியிருந்தனர். அதற்காக வசையும் பெற்றனர். எண்மருள் ஒருவரான ஏர்ல் ஸ்டாலிங்ஸ் தம் தேவாலயத்து ஞாயிறு வழிபாட்டிற் கறுப்பினத்தாரை வரவேற்றவர். சிறையிலிருந்தபடி கிங் எழுதிய மறுமொழிக் கடிதத்திலே அச்செயலைப் பெயர் குறித்தே பாராட்டினார். செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய அக்கடிதம் இன்று உலகறிந்தது. பௌட்வெல் கொனரிலும் மென்மையானவரே, ஆயினும் அவரும் இனவொதுக்கலைப் பேணுபவரே என்று அதிற் கிங் சுட்டினார். வெளிப்படையான பகைவனைவிட, நீதியினும் அமைதியைப் பெரிதாக எண்ணும் மிதவாதியே தம்மை மிகவும் சோர்வுறச் செய்கிறான் எனவும் வருந்தினார்.

எண்மரின் வாதத்திலே பெருங்குறை யாதெனின், பொறுத்திருங்கள் என்று கூறியவர்கள் எதுவரை என்று கூறவில்லை. 1954இல் நாட்டின் உயர் நீதிமன்றம் பாடசாலைகளில் இனவொதுக்கல் ஆகாது எனத் தீர்த்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் பேர்மிங்ஹாமின் வெள்ளைப் பள்ளிகளிலே கறுப்புக் குழந்தை ஒன்றேனும் கால்வைக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போ என்றவர்களுக்கு, போயாயிற்று, வென்றாயிற்று, என்ன கண்டோம் என்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கு இருந்தது. எண்மருள் கத்தோலிக்க ஆயரான ஜோசப் டியூரிக், பிற்காலத்தில் தெனெசி மாநிலத்திலே குடியியல் உரிமைக்காகத் துணிந்து பேசியவர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும்.

இனி, அரசமைப்பின் பெயரால் எழுந்த கண்டனம். அதன் தலைமகன் அரிசோனா மாநிலத்துச் செனற் உறுப்பினர் பரி கோல்ட்வோட்டர். 1957இலும் 1960இலும் வந்த குடியியல் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். தம் மாநிலத்தின் வான்படைக் காவற்பிரிவில் இனவொதுக்கலை நீக்கியவர். ஆயினும் 1964 யூன் 19ஆம் நாள், மாபெருங் குடியியல் உரிமை மசோதா செனற் சபையில் 73க்கு 27 என நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்தார். உணவகமும் விடுதியும் யாரை ஏற்பது, முதலாளி யாரை வேலைக்கமர்த்துவது என்பவற்றிலே தலையிடச் சமஷ்டி அரசுக்கு அரசமைப்பு அதிகாரந் தரவில்லை என்பது அவர் வாதம். அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பெரும் பொலிஸ் படையும், அயலாரைக் காட்டிக்கொடுக்கும் மனப்பான்மையும் வேண்டிவரும் என்றும் அஞ்சினார். அவர் அஞ்சியது நடக்கவில்லை. அவர் நினையாத வேறொன்று நடந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் வென்ற மாநிலங்கள் ஆறு: சொந்த அரிசோனா ஒன்று, ஏனைய ஐந்தும் இனவொதுக்கல் வேரூன்றிய ஆழ்தெற்கு. கொள்கைக்காக அளித்த வாக்கென்று அவர் கூறியதை அத்தெற்கு தன் பொருளில் ஏற்றுக்கொண்டது.

மசோதாவை எதிர்த்த 27 பேரில் 21 பேர் சனாதிபதி ஜோன்சனின் சொந்தக் கட்சியாகிய சனநாயகக் கட்சியினர். கோல்ட்வோட்டரின் குடியரசுக் கட்சியினர் 33 பேரில் 27 பேர் ஆதரித்தனர். பழைமை பேணுபவரான எவரெட் டேர்க்சன் இன்றி அச்சட்டம் நிறைவேறியிராது. இன்றைய கட்சிப் பெயர்களைக் கொண்டு அன்றைய வரலாற்றை அளப்போர் வழிதவறுவர்.

பழைமை பேணுவோரின் அறிவுக்கூடமாக விளங்கியது 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய நாஷனல் றிவியூ என்னும் சஞ்சிகை. தென்னகம் ஏன் மேலோங்க வேண்டும் என்னுந் தலைப்பில் 1957 ஓகஸ்டில் அது எழுதிய ஆசிரியர் தலையங்கம், வெள்ளையர் எண்ணிக்கையிற் குறைந்த இடங்களிலும் ஆட்சி அவர்களிடமே இருக்கவேண்டும் எனவும், அவர்களே தற்காலத்துக்கு முன்னேறிய இனம் எனவுங் கூறியது. அரசமைப்பு, மரபு என்னும் போர்வைகள் இங்கே விலகிவிட்டன. 2004இல், முதுமையில், தாம் பிழைபட்டதையும் சமஷ்டி அரசின் தலையீடு இன்றியமையாததாக இருந்ததையும் பக்லி ஒப்புக்கொண்டார். நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தாயினும் ஒப்புக்கொண்டாரே என்று மெச்சலாம். அத்தனை ஆண்டும் காத்திருந்தவர் யார் என்றும் கேட்கலாம்.

சமயத்துக்கு மீள்வோம். பீடம் அரசியலிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்ற போல்வெல், தாம் விலகி நின்றவரா? 1958இல் அதே தேவாலயத்திலே, இனவொதுக்கலை ஆதரித்தும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சாடியும் பிரசங்கித்தவர் அவரே. தம் பெயரால் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவிய மூத்த பொப் ஜோன்ஸ், 1960ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று வானொலியிலே பேசுகையில், இனங்களுக்கு எல்லை வகுத்தவர் ஆண்டவரே, ஆதலால் ஒதுக்கல் வேதத்துக்கு இசைந்தது என்றார். வானொலி என்பது நல்ல வாக்கை மட்டும் கொண்டுசெல்லும் கருவியன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே, பீடம் பேசலாமா என்பதன்று உண்மையான வினா; யாருக்காகப் பேசியது என்பதே.

காலம் மாறிற்று. 1962இலும் 1963இலும் உயர் நீதிமன்றம் அரசினர் பாடசாலைகளில் அரசு நடத்தும் தொழுகையையும் வேதவாசிப்பையும் விலக்கிற்று. இனப் பாகுபாடு காட்டுந் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்பது 1971இல் தீர்ப்பாயிற்று. 1973இற் கருக்கலைப்பு பற்றிய தீர்ப்பு வந்தது. அது 2022இல் மாற்றப்பட்டது. சமயப் பழைமைவாதிகளை அரசியலுக்கு இழுத்தது இவற்றுள் எது என்பதில் வரலாற்றறிஞர் ஒருமனப்படவில்லை. வரிவிலக்குத் தகராறே முதற்காரணம் என்பார் சிலர். கருக்கலைப்பே என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும், 1979இல் மோறல் மஜோரிற்றி என்னும் அமைப்பை நிறுவி, போதகர்களை வாக்குச் சாவடிக்கு அழைத்தவர் அதே போல்வெல்தான். 1965ஆம் ஆண்டுப் பேச்சைத் தவறெனக் கைவிட்டுமிருந்தார். செல்மாவில் நடந்த குருமாரைப் புகழ்ந்த தாராண்மைவாதிகளிற் பலரோ, இப்போது சமயம் அரசியலிற் புகலாகாது என்று முழங்கத் தொடங்கினர். வழக்குரைஞர் இருவரும் தத்தம் ஏடுகளை மாற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று.

இக்கண்டனம் வெள்ளையரின் குரல் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கறுப்பினத்தாரின் மிகப்பெரிய சமயச் சபையாகிய தேசிய பப்ரிஸ்ற் சபைக்கு 1953 முதல் 1982 வரை தலைவராயிருந்த ஜோசப் ஜாக்சன், அறப்போர் முறையை உறுதியாக எதிர்த்தவர். சட்டத்தை மீறுவதால் நாட்டின் அடித்தளமே ஆட்டங்காணும் என்றும், ஆர்ப்பாட்டத்தைவிட உழைப்பும் உற்பத்தியுமே தம் மக்களை உயர்த்தும் என்றும் அவர் நம்பினார். 1961ஆம் ஆண்டு மாநாட்டிலே தலைமைப் பூசல் முற்றி, மேடைத் தள்ளுமுள்ளில் ஒரு போதகர் விழுந்து உயிரிழந்தார். ஜாக்சன் கிங்கைச் சபைப் பதவியிலிருந்து நீக்கினார். கிங்கின் நண்பர்கள் பிரிந்து புதுச்சபை கண்டனர். 1968இற் கிங் சுடப்பட்டிறந்தபின், ஜாக்சனின் ஒலிவெற் தேவாலயம் நின்ற சிக்காகோ நகரத்துப் பெருந்தெருவுக்குக் கிங்கின் பெயர் சூட்டப்பட்டது. ஜாக்சன் தம் தேவாலயத்தின் முகவரியைப் பக்கத்திலிருந்த 31ஆம் தெருவுக்கு மாற்றிக்கொண்டார்.