கூண்டில் ஏறிய காக்கி

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தன் பெரிய தொகுப்பில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்களாம். ஏளனம்தான் பதிலாகக் கிடைத்தது. ஆத்திரத்தில் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். மீட்பதற்கு ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று காரியம் செய்துவிடுங்கள்” என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறிக் கரையேற, நாய்கள் பாதி ஆற்றிலேயே திரும்பிவிட்டன. சண்டையில் வென்று இவர்கள் ஊருக்கு வந்தபோது கருமாதி முடிந்திருந்தது; மனைவிகள் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். உயிரோடு வந்து நின்றவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள், காட்டைத் திருத்தி விதைத்தார்கள்.

இதைச் சரித்திர ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் தன்னைப் பற்றி எந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று ஒரு சமூகம் தேர்ந்தெடுப்பதில் அதன் மனசு தெரிகிறது. ‘செத்தவர்கள்’ என்று தள்ளிய ஊருக்கு வெளியே தங்களுக்கென்று ஓர் ஊரை உண்டாக்கியவர்களின் வாரிசுகள் நாங்கள் என்கிறார்கள் இவர்கள். அடுத்து வந்த காலங்களைத் தாங்குவதற்கு அந்தக் கற்பனை தேவைப்பட்டது.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. சாமை விதைத்த சரிவுகளும் புளியும் தேனும் எடுத்த காடுகளும் காப்புக்காடுகள் ஆயின. அங்கேயே பிறந்தவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். சந்தன மரம் நின்ற மலைகளில் நிலைமை இன்னும் மோசம். மரத்தைக் கடத்தி லாபம் பார்த்தவன் வேறு எங்கோ இருப்பான். அடி வாங்குவது மலைக்காரன்.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே சித்தேரி மலை. அங்கேயும் இதே மலையாளி மக்கள்தான். அதன் அடிவாரத்தில், அரூர் வட்டத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட, இருந்தவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டு என்று 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பிறகு அந்தப் பெண்களையே கடத்தல்காரிகள் என்று சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

அரசு எல்லாவற்றையும் மறுத்தது. அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். புகார் எழுத வேண்டிய காவல் நிலையத்து ஆட்களே குற்றம் செய்தவர்கள். காக்கிச் சட்டைக்காரனைக் கூண்டில் ஏற்ற முடியும் என்று அந்த மலையில் யார் கண்டிருக்கிறார்கள்? கண்ணால் காணாத ஒன்றை நடக்கும் என்று நம்பித்தான் அவர்கள் இறங்க வேண்டியிருந்தது.

அந்த நம்பிக்கையைத் தனி ஒருத்தி சுமந்திருக்க முடியாது. ஊர் சுமந்தது, சங்கம் சுமந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகம் போன்றவர்கள் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, நடந்தது நடந்ததுதான் என்று அறிக்கை கொடுத்தார். அரசு ஊழியராக இருந்துகொண்டு அவர் அதைச் செய்ததை நான் மிகப் பெரிய காரியமாக மதிக்கிறேன். 1995-இல் வழக்கு சிபிஐயின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். வக்கீல்களின் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே, நடந்ததை மறுபடி மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்தவள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் சொல்ல வேண்டும். சாட்சிகள் தளர்ந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். அந்தப் பெண்கள் வழக்கைக் கைவிடவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். விடுவிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார். மொத்தம் 31 வருடங்கள்.

ஜவ்வாது மலைக்கு அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை. சந்தனம் அழிந்தது, மானாவாரிச் சாமையில் வயிறு நிறையவில்லை. கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் இறங்கினார்கள். புரோக்கர் அவர்கள் கையில் அட்வான்ஸைத் திணித்து ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனான். 2013 டிசம்பரில் அங்கே வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டபோது, ஜவ்வாது மலையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் போனவர்கள் கூட்டமாகப் பிடிபட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்த பிறகு, 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. அதற்கு முந்தைய வருடம், 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது.

வனத்தில் உரிமை தரும் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ பட்டா கொடுப்பது 2008 முதல் 2016 வரை நீதிமன்ற உத்தரவில் சிக்கிக் கிடந்தது. மனு எழுதிக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த எட்டு வருடத்தில் செம்மரக் காட்டுக்குப் போயிருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இதே மலையில்தான் புலியூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண் ஸ்ரீபதி, குழந்தை பிறந்த சில நாள்களிலேயே சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில், 23 வயதில், அவர் தேர்வான செய்தி வந்தது. மலையாளிப் பெண் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்வாள் என்று 1992-இல் சேலம் சிறையில் இருந்த பெண்களிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

சேஷாசலத்தில் இருபது பேரைக் கொன்றதற்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் குடும்பங்களுக்காக வழக்கு நடத்துபவர்களும் மலை கிராமங்களில் பட்டாவுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களும் உங்கள் மாவட்டத்தில் இருந்தால், அவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். ஆள் பலம் அவர்களுக்கு இப்போதே வேண்டும்.