பூர்வகுடி நிலவுரிமையும் கனிம ஆய்வும் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவில் கனிம ஆய்வுக்கு நிலத்தில் நுழையும் அனுமதியையும், பூர்வகுடிகளின் மரபுவழி நிலவுரிமை, தொன்மைச் சின்னப் பாதுகாப்பு ஆகியவற்றையும் இணைத்துக் கையாளும் சட்ட ஏற்பாடு.

1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பு, ஆங்கிலேயர் வரும்முன் இந்நிலம் எவருக்கும் உரியதல்ல என்ற கருத்தை நிராகரித்தது. தொடர்ந்து வந்த 1993ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்க உரிமம் வழங்குமுன் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையைப் பூர்வகுடிகளுக்கு அளித்தது. தடுக்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. ஆறு மாதங்களில் உடன்பாடு ஏற்படாவிட்டால் தேசியத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பாதிப்பு குறைந்ததாகக் கருதப்படும் ஆய்வு உரிமங்களுக்கு விரைவு நடைமுறை உண்டு. மாறாக, வட ஆட்புலத்தின் பூர்வகுடி நிலங்களில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி உரிமையாளர்கள் ஆய்வு நிலையிலேயே மறுக்கலாம்.

இவ்வேற்பாட்டின் பலவீனம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் வெளிப்பட்டது. அங்குள்ள ஜூகன் பள்ளத்தாக்கில் சுமார் 46,000 ஆண்டுகளாக மனிதர் தங்கிய சான்றுடைய பாறைக்குகையை, இரும்புத்தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக ரியோ டின்டோ நிறுவனம் 2020 மே 24 அன்று வெடிவைத்துத் தகர்த்தது. 1972ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ் 2013இலேயே அனுமதி பெற்றிருந்ததால் இது சட்டப்படி குற்றமாகவில்லை. அனுமதிக்குப் பிந்தைய அகழாய்வில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டுப் பழமையான மனித முடிப் பின்னலின் மரபணு, அப்பகுதிப் பூர்வகுடிகளான இன்றைய பூட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களுடன் பொருந்தியது. புதிய கண்டுபிடிப்பின் அடிப்படையில் அனுமதியை மாற்ற அப்போது அச்சட்டத்தில் வழி இருக்கவில்லை.

மாற்றாக வந்த மாநிலச் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்து அதே ஆண்டில் நீக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தங்களுடன் மீண்டது.