இன்னும் எவ்வளவு பக்குவம், தம்பி?

போன மாதம் மெட்டுகுடாவில் எங்கள் தெருவில் ஒரு சாவு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாகர்கோவில் அண்ணாச்சியின் மனைவி. இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. துக்கம் கேட்கப் போன நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆண்டவர் சோதிக்கிறார்னா நம்மளை விண்ணகத்துக்குப் பக்குவப்படுத்துறார்னு அர்த்தம், அண்ணாச்சி" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் எவ்வளவு பக்குவம், தம்பி?"

கடன் கிடையாது என்பதைக்கூட வாடிக்கையாளர் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க எங்கள் ஊர்ப் புனிதர் தேவசகாயம்தான் நினைவில் ஓடினார்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனை அதிகாரி. கோயில் கருவூலப் பொறுப்பும் அவரிடம் இருந்தது என்பார்கள். கிட்டத்தட்ட நம்ம தொழில்! நல்லாப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் அடி மேல் அடி. மாடுகள் செத்தன, விளைச்சல் போச்சு, சொத்து கரைந்தது.

அந்த நேரத்தில் அவரிடம் பேசியவர் டிலனாய். டச்சுப் படையில் வந்து, 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் சொன்னது பைபிளில் வரும் யோபுவின் கதை. நல்லவனாக இருந்தும் மாடு, மக்கள், உடம்பு எல்லாம் இழந்தவனின் கதை.

நீலகண்டன் மனம் மாறினார். 1745 மே 14-ல் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசரஸ் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கஷ்டம் அதோடு தீர்ந்ததா? அப்புறம்தான் ஆரம்பமே. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியது மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை என்கிறது மரபு. 1749-ல் கைது. எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர்வலம், அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதத்துக்காகத் தண்டனை என்பதை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். அதற்கு முன்பே வத்திக்கான் அவர் பெயரிலிருந்து சாதிப் பெயரை எடுத்துவிட்டது.

இதில் எனக்குப் பட்டது இதுதான். கஷ்டம் தானாக யாரையும் பக்குவப்படுத்துவதில்லை. தீ பொன்னை உருக்கும், வைக்கோலைச் சாம்பலாக்கும். மாடு செத்த துக்கத்தில் நீலகண்டன் கசந்துபோயிருக்கலாம். கசக்காமல் இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருத்தர் இருந்தார். அந்த ஒருத்தரும் தோற்றவர், பிடிபட்டவர், ஊர் திரும்பாதவர். கஷ்டம் தெரிந்தவர் வாயிலிருந்து வந்ததால் யோபுவின் கதை எடுபட்டது. ஏசி அறையில் உட்காரும் நான் சொன்னது எடுபடுமா?

யோபுவின் நண்பர்களும் என் கட்சிதான். முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபப்பட்டது யோபு மேல் இல்லை, இவர்கள் மேல்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவராகவே, "அவளுக்கு நம்மூர் மரவள்ளிக்கிழங்குன்னா உசிரு, தம்பி" என்று ஆரம்பித்தார். மதியம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்களும் என்னை மாதிரி எங்கேயாவது வாய் விட்டு மாட்டியிருக்கிறீர்களா?