கப்பலில் அரை டிக்கெட் கிடையாது

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகள் சில மாதங்களுக்கு முன் போன் செய்தாள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலில் நாலு நாள் உல்லாசப் பயணம், ஒரு வருஷத்துக்கும் முன்னாலேயே புக் பண்ணியாச்சு. இரண்டு கேபின், ஒவ்வொன்றிலும் நாலு படுக்கை. ஒன்றில் அவள், கணவர், இரண்டு பிள்ளைகள். மற்றதில் மாமனார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி. ஆக ஏழு பேர், எட்டாவது படுக்கை காலி. புக் பண்ணும்போது கொழுந்தனுக்குக் குழந்தை இல்லை. கப்பல் கிளம்பும்போது பையனுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும்.

"அவனையும் சேர்த்துக்கோங்கன்னு கேட்டேன் அண்ணா. கப்பல் ஃபுல்லுங்கறாங்க. எங்க கேபின்லயே ஒரு படுக்கை சும்மா கிடக்கு. கைக்குழந்தைக்கு எதுக்கு இடம்? மடியில வச்சுக்கிட்டா போச்சு. பணம் பிடுங்கத்தான் இப்படிப் பண்றாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பஸ்ஸில் மடிக்குழந்தைக்கு டிக்கெட் கேட்கும் கண்டக்டரை நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் காலிப் படுக்கையை வைத்துக்கொண்டு இடம் இல்லை என்று சொல்ல ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். சின்னக் கேள்விதான். ஆனால் அது என்னை இருநூறு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் இன்றைய கணக்கு. உல்லாசக் கப்பலில் ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்பதுதான் அடிப்படை. மூன்றாவது, நாலாவது ஆளுக்குச் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் படுக்கையோ சோபாவோ இருக்கும். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள். அதிகபட்சம் ஏற்றக்கூடியது சுமார் 7,600. ஊழியர் 2,350 பேர் தனி. இந்த அதிகபட்சத்தை நிர்ணயிக்கும்போது உயிர்காக்கும் படகும் மிதவையும் எத்தனை பேரைத் தாங்கும் என்பது உள்ளே வந்துவிடுகிறது. கப்பலுக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழில் மொத்த ஆள் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு ஆள்கூடக் கூடாது. ஆபத்து வந்தால் எந்தக் கேபின்காரர் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பதும் முன்பே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதி நிரம்பிவிட்டால், அங்கே படுக்கை காலியாக இருந்தாலும் ஆளைச் சேர்க்கமாட்டார்கள்.

சாதாரண மாதங்களில் இது வெளியே தெரியாது. கேபின்கள்தான் முதலில் தீரும். பள்ளி விடுமுறையில் தலைகீழ். எல்லாக் கேபினிலும் பிள்ளைகள், மூன்றாவது நாலாவது படுக்கையெல்லாம் நிரம்பிக்கொண்டே வரும். படுக்கை தீருவதற்கு முன்னாலேயே படகுக் கணக்கு தீர்ந்துவிடும். அந்தக் கணக்கில் எட்டு மாதக் குழந்தையும் ஒரு ஆள்தான்.

இந்த "ஒரு ஆள்" என்ற சொல்லில்தான் எனக்கு ஆர்வம் வந்தது. ஏனென்றால் கப்பல் சட்டத்தில் குழந்தை ரொம்ப காலம் ஒரு ஆளாக இருக்கவே இல்லை.

பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிய பழைய பிரிட்டிஷ் சட்டம் 1803இல் வந்தது. கப்பலின் கொள்ளளவில் இரண்டு டன்னுக்கு ஒரு ஆள் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டங்களைத் தாண்டி 1855க்குப் போவோம். அந்த வருஷத்துப் பயணிகள் சட்டத்தில் 'ஸ்டாட்யூட் அடல்ட்' என்று ஒரு அலகு வருகிறது. 'சட்டக் கணக்கில் ஒரு ஆள்' என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ஆள். ஒன்று முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆள். ஒரு வயதுக்குக் கீழ் இருந்தால் ஆளே இல்லை, பூஜ்யம்.

இதில் ஒரு நியாயமும் இருந்தது. பல வாரம் கடலில் போகும் கப்பலுக்கு அன்றைய பெரிய கவலை தண்ணீரும் மாவும் படுக்கும் இடமும்தான். பிள்ளை பாதி சாப்பிடும், பாதி இடத்தில் படுக்கும், பால்குடிக் குழந்தை அம்மாவோடு கிடக்கும். ரேஷன் கணக்குக்கு அது சரி. ஆனால் அதே அலகை வைத்துத்தான் கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதையும் முடிவு செய்தார்கள். கப்பல் கவிழும்போது குழந்தை பாதியாக மூழ்குவதில்லை.

நம் ஆட்களும் இந்தக் கணக்குக்குள் வந்தவர்கள்தான். 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் போய் நின்ற 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிப் போனது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். இந்த மாதிரி ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். இத்தனை 'உயிர்கள்', அது இத்தனை 'ஸ்டாட்யூட் அடல்ட்'டுக்குச் சமம் என்று. முதல் எண் பெரிதாக இருக்கும், இரண்டாவது சிறிதாக இருக்கும். நடுவில் காணாமல் போகிற அந்த வித்தியாசம் முழுக்கப் பிள்ளைகள். முதல்முறை அதைக் கவனித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

டைட்டானிக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரு விஷயம் மட்டும். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200, படகுகளில் இடம் 1,178. இது சட்டமீறல் இல்லை. படகின் எண்ணிக்கையைக் கப்பலின் டன் கணக்கில்தான் சட்டம் வைத்திருந்தது, ஆள் கணக்கில் இல்லை. 10,000 டன்னும் அதற்கு மேலும் எல்லாம் ஒரே படி. 46,000 டன் கப்பலும் அதே படியில் நின்றது. 1914 ஜனவரியில் லண்டன் மாநாட்டில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காக்கும் வசதி என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. இன்றுவரை தொடரும் 'சோலாஸ்' ஒப்பந்தத்தின் முதல் வடிவம் அது.

படகைக் கூட்டிவிட்டால் ஆளையும் கூட்டலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு பதில் அடுத்த வருஷமே அமெரிக்காவில் கிடைத்தது. அதுவும் ஒரு குடும்பச் சுற்றுலாக் கப்பல்தான். 1915 ஜூலை 24, சனிக்கிழமை காலை, சிகாகோ நகரம். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனித் தொழிலாளர்கள் ஏரி தாண்டி மிச்சிகன் சிட்டிக்குப் பிக்னிக் போகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகள், சாப்பாட்டுக் கூடைகள், நல்ல உடுப்பு. 'ஈஸ்ட்லாண்ட்' என்ற கப்பலில் அனுமதி 2,500 பேருக்கு. அத்தனை பேரும் ஏறிவிட்டார்கள். அந்தக் கப்பல் ஏற்கெனவே மேல்பாரம் அதிகமாகி ஆடும் கப்பல். டைட்டானிக்குக்குப் பிறகு வந்த புதுச் சட்டத்தை ஒட்டி அந்த மாதம்தான் மேல்தளத்தில் கூடுதல் படகுகளும் மிதவைகளும் ஏற்றியிருந்தார்கள். கரையில் கயிறு கட்டியபடியே கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து ஆற்றுக்குள் படுத்துவிட்டது. ஆற்றின் ஆழம் இருபது அடிதான். கரை எட்டிப் பிடிக்கும் தூரம். 844 பேர் இறந்தார்கள். அதில் 22 குடும்பங்கள் ஒருவர்கூட மிச்சமில்லாமல் போயின.

ஆக, ஆளுக்கு ஒரு படகு இடம் என்பது மட்டும் போதாது, அந்தப் படகையும் ஆட்களையும் சேர்த்துக் கப்பல் நிற்குமா என்பதும் கணக்கு. சான்றிதழில் இருக்கும் எண்ணைக் கேப்டன் தன் இஷ்டத்துக்கு ஒன்று கூட்ட முடியாததற்கு இதுவும் காரணம்.

நம் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவின் சொந்த விஷயம் இதில்தான் வந்து முட்டியது. 1929இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது, யாத்ரீகர்களையும் டெக் பயணிகளையும் கூட்டம் கூட்டமாக ஏற்றும் கப்பல்களுக்கு விலக்கு தரலாம் என்று ஒரு இடம் வைத்தார்கள். அவர்களுக்காகத் தனியாக 1931இல் 'சிம்லா விதிகள்' வந்தன. ஹஜ் கப்பல்கள், மதராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்கள் எல்லாம் அந்த வகை. படுக்கை கிடையாது, பாயை விரித்து டெக்கில் கிடக்க வேண்டியதுதான். 1926இல் கட்டிய 'ரஜூலா'வுக்கு ஆரம்பத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பலில்! பிற்பாடு அந்த எண்ணை நிறையக் குறைத்தார்கள். 1973 வரை அந்தப் பெயரில் ஓடிய கப்பல். மலேயா போய் வந்த நம் குடும்பங்களில் ரஜூலா கதை இல்லாத வீடு கம்மி.

தங்கையின் மாமனாரும் அதில் போனவர். நாகப்பட்டினத்தில் ஏறும்போது அவருக்கு ஐந்து வயது. போனில் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "தம்பி, எனக்கு அரை டிக்கெட். என் தங்கச்சி அம்மா இடுப்புல இருந்தா, அவளுக்கு டிக்கெட்டே இல்ல. டெக்ல எங்களுக்கு ஒரு பாய் அகலம். புயல் வந்தா யாரு எங்களை எண்ணப் போறா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

எண்ணப்படாதவர்கள் அதோடு முடிந்துவிடவில்லை. 1987 டிசம்பர் 20, பிலிப்பைன்ஸில் 'டோன்யா பாஸ்' என்ற கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் கூட்டம். அனுமதி 1,518 பயணிகளுக்கு, பட்டியலிலும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். இறந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். பட்டியலில் வராதவர்களில் நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் உண்டு. 2002 செப்டம்பர் 26, செனகல் நாட்டின் 'லே ஜூலா'. ஊழியரையும் சேர்த்து 580 பேருக்கான கப்பலில் 1,900க்கும் மேல். 1,863 பேர் போனார்கள், 64 பேர் பிழைத்தார்கள். அங்கேயும் சின்னக் குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை என்பதால் பலருடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏழை நாடுகளின் கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஜீப்ரூகா துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கவிழ்ந்ததற்குக் காரணம் மூடாத முன்கதவு. ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. அந்தக் கம்பெனியின் கப்பல்களில் அனுமதிக்கு மேல் ஆள் ஏறுவதாகக் கேப்டன்கள் முன்பே புகார் எழுதியிருந்தார்கள்.

கப்பல் கிளம்பும் முன் எல்லோரையும் எண்ணியாக வேண்டும், பெரியவர், குழந்தை, கைக்குழந்தை என்று பிரித்துப் பதிய வேண்டும் என்பதெல்லாம் 1990களின் பிற்பகுதியில்தான் சர்வதேச விதியாக இறுகியது. இன்று 24 மணி நேரத்துக்கு மேல் போகும் பயணிகள் கப்பலில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் தனியாகச் சின்ன லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும். பயணிகள் கப்பலின் படகில் ஒரு ஆளுக்கு 75 கிலோ என்று வைக்கிறார்கள். எட்டுக் கிலோ குழந்தைக்குத் தனிச் சலுகை கிடையாது, அதற்கும் ஒரு இடம்.

தங்கையிடம் இதை எல்லாம் சொன்னபோது, "சரி அண்ணா, வரலாறு போதும், இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள். நியாயம். வழிகள் கொஞ்சம்தான். காத்திருப்புப் பட்டியல் இருந்தால் பெயரைப் போட்டு வைக்கலாம். முழுப்பணம் கட்டும் கெடுவை ஒட்டிச் சிலர் ரத்து செய்வார்கள், அப்போது இடம் விழும். இல்லாவிட்டால் பயணத்தை வேறு தேதிக்கு மாற்றலாம். அதுவும் இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் ஏழு பெயரில் ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போட முடியுமா என்று கேட்கலாம்.

கெடுத் தேதி வந்தது, இடம் விழவில்லை. கொழுந்தன் மனைவி தான் போகாமல் குழந்தையோடு வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொல்ல, வீட்டில் இரண்டு நாள் ஒரே சத்தம். கடைசியில் மாமனார்தான் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். "நான் ரஜூலாலயே பார்த்துட்டேன் கடலை" என்றாராம். அவரும் அதே கேபின் என்பதால் பெயர் மாற்றம் ஒரே நாளில் முடிந்தது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. அதிலும் தங்கைக்கு ஒரு கோபம்.

டிசம்பரில் ஒரு போட்டோ அனுப்பினாள். கிளம்பும் முன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகை. ஊழியப் பெண் ஒருத்தி ஆரஞ்சு நிறத்தில் சின்ன ஜாக்கெட்டை மாட்டிக் காட்டுகிறாள். பையன் வாயைத் திறந்து அழுகிறான். மாமனார் அந்தப் படத்தைத் தன் போனில் முகப்பில் வைத்திருக்கிறார்.