குளமும் ஊர்க்கூட்டமும்



தம் கருமங்களை மக்கள் கூடித் தீர்மானிக்கும் முறை நகரசபைகளோடுதான் இலங்கைக்கு வந்தது என எண்ணுவோர் உளர். நம் குளக்கட்டுகள் வேறு கதை கூறும்.

ஒரு குளத்து நீரை நம்பிய வயற்காரர் கூடி, மதகு திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் நாளையும் வரையறுத்தல் பண்டைய வழக்கம். 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. ஒழிந்தது நன்றே, ஆயினும், குளம் திருத்தும் பொதுக்கடனும் அதனோடு தளர்ந்தது. வேலைக்கு வர மறுத்தவனைக் கேட்பாரில்லை. குளங்கள் பல தூர்ந்தன.

தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக்காரர் கூடி உடன்பட்ட இடங்களில் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது. கொழும்பும் கண்டியும் மாநகரசபை பெறச் சட்டம் பிறந்ததோ 1865இல். நகரத்தாருக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே கமக்காரனின் கூட்டம் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது.

இன்றும் போகந்தோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. அங்கே எடுக்கும் முடிவு வந்தவரையும் வராதவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும். ஆதலின், தன் வயலுக்கு நீர் வேண்டுவோன் கூட்டத்துக்குச் செல்லுதல் கடன். நகரவாசிக்கும் அஃதே பொருந்தும்.