பாய்சான் பரவல்

அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் மாறாச் சராசரி வீதத்தில் நேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுப் பரவல். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் தெனி பாய்சானின் 1837ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது. இதில் சராசரியும் பரவற்படியும் சமம்.

இதைப் பிரபலமாக்கியது குதிரை உதைதான். 1898இல் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை வெளியிட்டார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள்: ஒரு படைப்பிரிவின் ஓராண்டு ஒரு பதிவு என 200 பதிவுகள், 122 சாவுகள். பரவலின் அளபுருவான சராசரி வீதத்தின் மீப்பெரு நிகழ்வாய்ப்பு மதிப்பீடு கூறின் சராசரியேதான், அதாவது 0.61, பரவற்படியும் ஏறத்தாழ அதுவே. பாய்சான் பரவலின்படி சாவே இல்லாத பதிவுகள் 108.7 இருக்க வேண்டும், இருந்தவை 109. ஒரு சாவு கொண்டவை 66.3க்கு 65. அசரவைக்கும் பொருத்தம்தான். ஆனால் அமைப்பில் மாறுபட்ட 4 படைப்பிரிவுகளை ஒதுக்கிய பிறகு கிடைத்தது அது. பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.